மாவட்டமே சிவப்பு: ஆப்பிரிக்க நத்தையை எந்த வரைபடத்தை வைத்துத் தேடுவது?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் லேப்டாப்பில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ராட்சத ஆப்பிரிக்க நத்தை இந்தியாவில் எங்கெல்லாம் நிலைகொள்ளக்கூடும் என்று கணினி போட்டுக் கொடுத்த படம். ராஜஸ்தான் வெள்ளை, இமயமலை வெள்ளை, கேரளம் நல்ல சிவப்பு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆரல்வாய்மொழி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. மற்றபடி களியக்காவிளை முதல் சுசீந்திரம் வரை ஒரே சிவப்பு.

“மாடல் நல்லா வந்திருக்கு சார். ஏ.யு.சி. 0.94” என்றார்.

நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்தச் சிவப்பில் எங்கே போய் டார்ச் அடிப்பது?

எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி இவ்வளவுதான். நத்தையைத் தேடும் எங்கள் குழுவில் பத்துப் பேர். நத்தை வெளியே வருவது இரவில், ஈரத்தில். ஆனி, ஆடிச் சாரலில் வாரக் கடைசி மாலைகளைக் கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று பிரித்த கட்டங்களில் அறுபதைப் பார்த்து முடிக்கலாம். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். காட்டைக் கழித்தாலும் ஆயிரம் கட்டத்துக்கு மேல் மிஞ்சுகிறது. அதில் அறுபதை எதை வைத்துப் பொறுக்குவது?

நத்தையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்கு ஆப்பிரிக்கா இதன் சொந்த ஊர். பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டார். கேரளத்தில் 1970-களில் பாலக்காடு பக்கம் தலைகாட்டியது. ஆணும் பெண்ணும் ஒரே உடலில் இருப்பதால் எந்த இரண்டு நத்தை சந்தித்தாலும் இனம் பெருகும். ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேல் முட்டை இடும், அதுவும் வருடத்தில் பல தடவை. வாழை, பப்பாளி, காய்கறி நாற்று என்று எதையும் விடாது. ரப்பர் மரத்தில் வெட்டிய பட்டையில் வடியும் பாலையும் குடிக்கும். எலியின் நுரையீரலில் வளரும் ஒரு புழுவை இது சுமக்கும், அது மனிதருக்குப் போனால் மூளை உறையில் அழற்சி வரும். அதனால் கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி.

பேச்சில் நான்கு வழிகள் வந்தன.

முதல் வழி, யாரோ போட்டு வைத்த வரைபடத்தை எடுத்துக்கொள்வது. இந்த நத்தைக்கு இந்தியா முழுவதற்குமான மாடல் 2015-லேயே ஆய்விதழில் வந்துவிட்டது. காசு இல்லை, உழைப்பும் இல்லை. ஆனால் கட்டத்தின் அளவைப் பார்க்க வேண்டும். இத்தகைய மாடல்களுக்குத் தட்பவெப்பத் தரவு பெரும்பாலும் வேர்ல்ட்கிளிம் என்ற தொகுப்பிலிருந்து வருகிறது. வெப்பத்தையும் மழையையும் வைத்துக் கணக்கிட்ட 19 வரைபட அடுக்குகள் அதில் உண்டு. அதையே நான்கு அளவில் கொடுக்கிறார்கள். பெரிய கட்டத்தில், அதாவது 10 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை) அளவில் எடுத்தால், நம் மாவட்டம் முழுவதும் ஐந்தே கட்டத்துக்குள் அடங்கிவிடும். இரண்டரைக் கலையில் சுமார் 80 கட்டம். மிகச் சிறிய அளவான 30 விகலையில், அதாவது அரைக் கலையில்தான் ஏறக்குறைய 2,000 கட்டம் கிடைக்கும். ஐந்து கட்டத்துக்கு வண்ணம் பூசிய படத்தை வைத்துக்கொண்டு திற்பரப்புக்குப் போவதா, தக்கலைக்குப் போவதா என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

அப்புறம் அந்த 0.94. ஏ.யு.சி. என்பது, நத்தை இருக்கும் ஓர் இடத்தையும் சும்மா பொறுக்கிய ஓர் இடத்தையும் மாடலிடம் கொடுத்தால், நத்தை இடத்துக்கு அது அதிக மதிப்பெண் போடும் வாய்ப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தடவை சரி. ஆனால் அந்தச் சும்மா பொறுக்கிய இடங்களில் தார் பாலைவனமும் லடாக்கும் இருக்கின்றன! லடாக்கில் இந்த நத்தை வாழாது என்று சொல்ல மாடல் வேண்டியதில்லை. பரப்பை விரிக்க விரிக்க இந்த மதிப்பெண் தானாக ஏறும். எங்களுக்கு வேண்டியது அருமனையையும் அஞ்சுகிராமத்தையும் பிரித்துச் சொல்வது. மாவட்டத்துக்குள் மட்டும் சோதித்துப் பாருங்கள் என்று மாணவரிடம் சொன்னேன். மதிப்பெண் பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேலே நின்றது. அவருக்கு வருத்தம். எனக்கு அதுதான் அவர் செய்த வேலையிலேயே உருப்படியான பகுதி என்று பட்டது.

இரண்டாவது வழி, நாமே மாடல் போடுவது. இங்கேதான் எங்களுக்கு அதிக நேரம் போனது.

மாக்ஸென்ட் என்ற நிரலைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷபைர் மூவரும் 2006-ல் வெளியிட்ட முறை; 2017-லிருந்து அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. சாதாரண லேப்டாப் போதும். இதன் வசதி என்னவென்றால், ‘இங்கே இருந்தது’ என்ற பதிவுகள் மட்டும் இருந்தால் போதும், ‘இங்கே இல்லை’ என்பது தேவையில்லை. சுற்றுவட்டாரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தானாகவே பத்தாயிரம் புள்ளிகளைப் பொறுக்கி ஒப்பிட்டுக்கொள்ளும். புதிதாக வந்து பரவும் இனத்துக்கு இந்தக் குணம் முக்கியம். ஒரு விளையில், அதாவது தோட்டத்தில், இன்று நத்தை இல்லை என்றால், அந்த இடம் அதற்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தமா, இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தமா? நம் மாவட்டத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ‘இல்லை’ என்பதை உண்மையான மறுப்பாக எடுத்துக்கொள்ளும் மாடல்கள் இந்த இடத்தில் சறுக்கும்.

சிக்கல் பதிவுகளில் இருக்கிறது. ஜிபிஐஎப் என்ற உலகத் தரவுக்கிடங்கிலிருந்து இறக்கினால் புள்ளிகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் பெரும்பகுதி மொபைலில் படம் எடுத்துப் போட்டவர்களுடையது. படம் எடுப்பவர் எங்கே போவார்? திற்பரப்பு அருவிக்கு, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு, ரோட்டோரத்துக்கு. யாருடைய ரப்பர் தோட்டத்துக்குள்ளும் இரவு எட்டு மணிக்கு மழையில் போகமாட்டார். திருத்தாமல் விட்டால் மாடல் கற்றுக்கொள்வது நத்தையின் பரவலை அல்ல, விடுமுறைக்கு வந்தவர்களின் பரவலை. இதற்கு மருந்து உண்டு. நெருக்கமான புள்ளிகளைக் கலைத்து விடலாம். ஒப்பிடும் புள்ளிகளையும், அதே ஆட்கள் மற்ற பூச்சி புழுக்களைப் படம் எடுத்த இடங்களிலிருந்தே பொறுக்கலாம். அப்போது இரண்டு பக்கமும் ஒரே சாய்வு இருக்கும், ஒன்றை ஒன்று சரிக்கட்டும். இந்தத் திருத்தத்தைச் செய்ததும் மாவட்டப் படத்தில் ரோட்டோரச் சிவப்பு வெகுவாக வெளுத்தது.

சொந்த நாட்டுப் பதிவை மட்டும் வைத்து மாடல் போடக்கூடாது என்பதும் இதில் ஒரு பாடம். புது நாட்டுக்குப் போன இனம் பழைய தட்பவெப்பத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பி ஏமாந்த கதைகள் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன ஒரு களைச்செடி அங்கே வேறு தட்பவெப்பத்துக்குள் புகுந்துவிட்டது என்று 2007-ல் காட்டினார்கள். 2012-ல் ஐம்பது தாவரங்களை ஒன்றாக எடுத்துப் பார்த்தபோது, அப்படித் தாவுவது சிறுபான்மைதான் என்று தெரிந்தது. எதற்கு வம்பு? ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகள் என்று எல்லாப் பதிவுகளையும் சேர்த்தே போட்டோம்.

இவ்வளவும் செய்த பிறகும் மாடல் நம் ஊரைச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் என்று நான் நினைப்பது சானல்கள், அதாவது பாசனக் கால்வாய்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து பேச்சிப்பாறை வரை நேர்கோட்டில் போனால் 35 கிலோமீட்டர் இருக்காது. அதற்குள் காற்றாலையும் முள்ளுமாக இருந்த நிலம் ரப்பரும் கிராம்புமாக மாறிவிடும். மழை அடுக்கு இதை ஓரளவு பிடிக்கிறது. மலைப்பக்கம் மழைமானிகள் குறைவு என்பதால் அங்கே ஊகம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் தோவாளை சானலிலும் அனந்தனாறு சானலிலும் ஓடுவது பேச்சிப்பாறைத் தண்ணீர். மழை அடுக்கு ‘இங்கே வறட்சி’ என்று சொல்லும் நிலத்தில், வாழை மூட்டில் தண்ணீர் நிற்கிறது. நத்தைக்கு அந்த ஈரம் மேலே இருந்து வந்ததா, மடை வழியாக வந்ததா என்று தெரியுமா? மாணவரின் படத்தில் ஆரஞ்சாக இருந்த கிழக்கு ஓரத்தில், சானலுக்கு இருபுறமும் ஒரு நூறு மீட்டர் நிலத்தைச் சிவப்பாக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று சுண்ணாம்பு. ஓடு வளர்க்க நத்தைக்குக் கால்சியம் வேண்டும். மேற்கே நம் செம்மண் புளிப்பு மண், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் நத்தை சிமெண்டுச் சுவரையும் சுண்ணாம்பு பூசிய மதிலையும் சுரண்டித் தின்னும். ஆக, தோட்டத்தின் நடுவைவிட வீட்டுக்குப் பின்புறத்தைப் பார்ப்பது லாபம். 19 தட்பவெப்ப அடுக்குகளில் எதிலும் மதில் கிடையாது. கட்டடங்களைக் காட்டும் இலவச அடுக்கு இருக்கிறது. அதையும் சானல் வரைபடத்தையும் சேர்த்த பிறகுதான் படம் எங்கள் ஊர் மாதிரி தெரிந்தது.

மூன்றாவது வழியை வேகமாகக் கடந்துவிடலாம். உயிரினத்தின் உடல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதிலிருந்து தொடங்கும் மாடல்கள். ஆஸ்திரேலியாவில் 1985-ல் வந்த கிளைமெக்ஸ் இந்த வகை. குளிர், வெப்பம், வறட்சி, அதிக ஈரம் என்று நான்கு நெருக்கடிகளைக் கணக்கிட்டு, ஓரிடத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுக்கும். 1935-ல் குயின்ஸ்லாந்தில் கொண்டுவிட்ட கரும்புத் தேரை எதுவரை பரவும் என்பதற்கு உடலியலை வைத்துப் போட்ட மாடல்களும் இந்தக் குடும்பம்தான். ஓர் இனம் இன்னும் கால் வைக்காத நாட்டுக்கு, துறைமுகத்தில் எதைத் தடுப்பது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல கருவி இல்லை என்பேன். பதிவுகளின் சாய்வு இதை அதிகம் தொடாது. பாசனத்தைக்கூட இதில் சேர்க்கலாம். நமக்கோ, நான்கு நெருக்கடிகளில் குளிர் என்பது மாவட்டம் முழுக்க பூஜ்யம், மலை உச்சியைத் தவிர. வறட்சி ஒன்றுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதிலும் இந்த நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கி வறட்சியைத் தாண்டிவிடும். காசு கொடுத்து நிரல் வாங்கி, ஒரு நெருக்கடியை மட்டும் அளக்க வேண்டுமா?

சரி, நான்காவது. கணினியே இல்லாத வழி.

விளவங்கோடு பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் வாழை மூட்டுக்குக் கீழே நத்தைகளைக் காட்டினார். எப்போது வந்தது என்று கேட்டேன். “ரெண்டு வருசம் முன்னால நர்சரியில ரப்பர் தை (கன்று) வாங்கினேன் மக்கா. அந்தக் கவர் மண்ணுல இருந்துதான் வந்திருக்கு. வேற எப்படி வரும், அது என்ன பஸ் ஏறியா வந்துச்சு?” என்றார்.

ஏறக்குறைய பஸ் ஏறித்தான் வந்தது. நத்தை தானாக ஊர்ந்து போகும் தூரம் இரவுக்குச் சில பத்து மீட்டர். கல்கத்தாவிலிருந்து பாலக்காட்டுக்கும் அங்கிருந்து தெற்கேயும் அது வந்தது கன்றுகளோடும் மண்ணோடும் மரத்தடிகளோடும்தான். அப்படியானால், எங்கே வாழ முடியும் என்பதைவிட எதில் ஏறி வரும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. எல்லை தாண்டிக் கன்று எடுக்கும் நர்சரிகள், செம்மண் இறக்கிய புதுமனைகள், தடி அடுக்கிய மில்கள், எரு இறக்கும் களங்கள், வாழைக்கன்று வாங்கி நட்ட விளைகள். இந்தப் பட்டியலைத் தயாரிக்க மூன்று நாள் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும்.

குறையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. தேடிப் போகும் இடத்தில்தான் நத்தை கிடைக்கும். நர்சரியில் தேடினால் நர்சரியில் கிடைக்கும். பிறகு ‘பார்த்தீர்களா, நர்சரிதான்’ என்று சொல்லிக்கொள்வோம். மாடலின் சாய்வைத் திருத்தவாவது ஒரு முறை இருக்கிறது, டீக்கடையின் சாய்வுக்கு இல்லை. பெரியவரின் நினைவும் சாட்சிதான், நிரூபணம் அல்ல. நர்சரிக்காரர்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டு அடுத்த வருடம் அவர்கள் கேட்டைத் திறக்கவில்லை என்றால் எல்லாம் போச்சு.

எதில் ஏறி வரும் என்பதே பெரிய கேள்வி என்று நத்தைக்குச் சொன்ன இந்தத் தீர்ப்பை அப்படியே மற்ற இனங்களுக்கு எடுத்துப் போகக்கூடாது. மலையாளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்ற பெயருள்ள கொடி ஒன்று இருக்கிறது. பீமன் என்று நினைத்து இரும்புச் சிலையைக் கட்டிப்பிடித்து நொறுக்கினாரே திருதராஷ்டிரன், அந்தப் பிடி. மிக்கானியா என்பது செடிநூல் பெயர். அதன் விதை காற்றில் பறக்கும். தண்டில் ஒரு கணு விழுந்தாலும் வேர்விடும். எந்த வண்டியில் வந்தது என்று துரத்தி இதைப் பிடிக்க முடியாது. ஆனால் அதற்கு ஈரமும் வெயிலும் சேர்ந்து வேண்டும். தோவாளையின் காய்ந்த பக்கம் அதற்கு ஆகாது; குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஆகும். மழையின் ஏற்ற இறக்கம் உண்மையிலேயே வேலை செய்யும் இனம் இது. எனவே மாடலுக்கு முதலிடம். அதோடு, மறுநடவுக்காக ரப்பரை வெட்டி வெயில் விழும் இடங்களை செண்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பத்து மீட்டர் துல்லியத்தில் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் போதும், டீக்கடை தேவையில்லை.

குளத்தில் மிதந்து பரவும் ஆகாயத்தாமரைக்கு மாடல், டீக்கடை இரண்டுமே வேண்டாம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டும் உட்பட, மாவட்டத்தில் எந்தக் குளமும் வெப்பத்தில் அதற்கு ஒத்துப்போகும். உப்புத் தண்ணீர்தான் அதற்கு எல்லை, மணக்குடி காயலை நெருங்கினால் தானாகக் கருகும். எங்கே வரும் என்று ஊகிப்பதைவிட எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்து, சானலில் அதற்குக் கீழே உள்ள குளத்துக்கு முதலில் ஆள் அனுப்புவதே வேலை.

நத்தைக்குத் திரும்புவோம். கடைசியில் அறுபது கட்டங்களை இப்படிப் பிரித்தோம். முப்பத்தைந்து, மாடலும் ‘ஆகும்’ என்று சொல்லி, டீக்கடைப் பட்டியலிலும் வந்தவை. மாடலை நாங்கள் இங்கே பயன்படுத்தியது அடிப்பதற்குத்தான், அதாவது பட்டியலில் இருந்தாலும் எந்த வகையிலும் ஈரம் நிற்காத கட்டங்களை அடித்து நீக்க. பதினைந்து, மாடல் அடர் சிவப்பு என்று சொல்லியும் யாரும் பட்டியலில் சொல்லாதவை. டீக்கடை தவறவிட்டிருந்தால் இங்கே தெரியும். மிச்சம் பத்து, சீட்டுக் குலுக்கி எடுத்தவை. இந்தப் பத்தைப் பற்றித்தான் குழுவில் சண்டை. மழையில் நனைந்து ஒன்றுமில்லாத இடத்தில் எதற்காக நடப்பது என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டேன். மாணவர் என் பக்கம் நின்றார், தன் மாடலைச் சோதிக்க அவருக்கும் அந்தப் பத்து வேண்டுமே.

நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறோம்: ‘பார்த்தோம், இல்லை’. தேதி, நேரம், எத்தனை பேர் எத்தனை நிமிடம் தேடினார்கள், அன்று மழை பெய்ததா என்று அதில் எழுத வேண்டும். மழை இல்லாத மாலையின் ‘இல்லை’க்கு மதிப்பு இல்லை, அதைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் கட்டம் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், ஒரு நர்சரியின் பின்மதில் ஓரம், பழைய கவர் மண்ணைக் கொட்டும் குழி. உரிமையாளரிடம் ஏற்கனவே பேசியாயிற்று, கேட்டைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாரல் பிடித்த முதல் சனிக்கிழமை, மாலை ஏழு மணிக்கு.